சென்னையிலிருந்து லண்டனுக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்குப் போடும் வழி

கும்பகோணத்தில் அத்தை வீட்டுத் திண்ணை. கையில் விமான டிக்கெட்டின் பிரிண்ட்அவுட். லண்டனில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போகிறார், முதல் விமானப் பயணம். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏண்டா, காலையில அஞ்சரைக்கு மெட்ராஸ்ல ஏறி, பதினோரு மணிக்கு லண்டன்ல இறங்குதாமே. அப்போ அஞ்சரை மணி நேரந்தானே? இங்கேருந்து மெட்ராஸ் போறதுக்கே பஸ்ல ஏழு மணி நேரம் ஆகுது!"

சிரிக்க முடியவில்லை. டிக்கெட்டில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. கழித்தால் அஞ்சரைதான் வரும். சரி, கூகுளில் பார்த்துச் சொல்லலாம் என்று தேடினால், ஒரு தளம் ஒன்பது மணி நேரம் என்றது, இன்னொன்று பத்தே கால் என்றது, அட்டவணை பதினொன்று என்றது. தூரத்திலும் ஒன்று 5,114 என்றது, ஒன்று 4,444 என்றது, ஒன்று 8,230 என்றது. இவை எதுவும் தப்பில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கான பதில், அவ்வளவுதான். அன்று அத்தைக்காகப் போட்ட கணக்கை இங்கே முழுதாக எழுதிவைக்கிறேன். சென்னை, லண்டன் என்ற பெயர்களை எடுத்துவிட்டு உங்களுக்கு வேண்டிய இரண்டு ஊர்களைப் போட்டுக்கொள்ளலாம்.

முதல் படி: எந்த மைல் என்று தெளிவாகுங்கள்

8,230 கிலோமீட்டர், 5,114 மைல், 4,444 கடல் மைல். மூன்றும் ஒரே தூரம். சாதாரண மைல் என்பது 1.609 கிலோமீட்டர். கடல் மைல் 1.852 கிலோமீட்டர். விமானிகளும் வான்வழிக் கட்டுப்பாட்டு அறையும் கடல் மைலில்தான் பேசுகிறார்கள். கடல் மைலுக்கு ஓர் அழகு உண்டு. பூமியின் மேல் ஒரு பாகையை, அதாவது ஒரு டிகிரியை, அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு கலையின் நீளம்தான் ஒரு கடல் மைல். ஆகவே ஒரு பாகை என்றால் 60 கடல் மைல். இது அடுத்த படியில் கைகொடுக்கும்.

இரண்டாம் படி: தூரத்தைக் கண்டுபிடியுங்கள்

கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு பள்ளிக்கூட உலக உருண்டையும் ஒரு நூலும் போதும். அத்தை வீட்டில் பேரனின் உருண்டை இருந்தது, குறுக்களவு 30 சென்டிமீட்டர். பூமியின் குறுக்களவு ஏறத்தாழ 12,740 கிலோமீட்டர். அப்படியானால் அந்த உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்பது 425 கிலோமீட்டர். பூ கட்டும் நூலை எடுத்துச் சென்னையில் ஒரு நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி, லண்டன்வரை விறைப்பாக இழுத்துப் பிடித்தோம். அளவுகோலில் வைத்தால் 19 சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் மேல். 19.4 என்று வைத்தால் 8,245 கிலோமீட்டர். பூ நூலுக்கு இது மோசமில்லை.

நூலை இழுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அது எங்கே போகவேண்டும் என்று நாம் நினைக்கிறோமோ அங்கே போகாது. சுவரில் மாட்டிய தட்டையான வரைபடத்தில் சென்னைக்கும் லண்டனுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது அரபு நாடுகளின் மேல் போகும். உருண்டையில் நூல் அதைவிட வடக்கே வளைந்து காஸ்பியன் கடலைத் தொடும். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி இப்படித்தான் அமையும். இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். தட்டை வரைபடத்தின் நேர்கோட்டில், திசைகாட்டியின் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு போனால் 8,480 கிலோமீட்டர் வரும். அதாவது 250 கிலோமீட்டர் வீண்.

உருண்டை இல்லாதவர்கள் போனில் உள்ள கால்குலேட்டரைப் பக்கவாட்டில் திருப்புங்கள். சைன், கொசைன் பொத்தான்கள் வரும். டிகிரியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரேடியனில் இருந்தால் விடை அபத்தமாக வரும், நான் பட்டிருக்கிறேன்.

இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். கூகுள் மேப்பில் ஓடுபாதையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் எண்கள் வரும். சென்னை விமான நிலையம்: வடக்கு 12.99, கிழக்கு 80.17. ஹீத்ரோ: வடக்கு 51.47, மேற்கு 0.45. ஒன்று கிழக்கு, மற்றொன்று மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும்: 80.62. இரண்டும் கிழக்காக இருந்தால் கழிக்க வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். கூட்டி வருவது 180ஐத் தாண்டினால் அதை 360இலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

இனி கணக்கு:

சைன் 12.99 × சைன் 51.47 = 0.1758

கொசைன் 12.99 × கொசைன் 51.47 × கொசைன் 80.62 = 0.0989

இரண்டையும் கூட்டினால் 0.2747. இதற்குத் தலைகீழ் கொசைன் எடுத்தால் 74.05 பாகை. அதை 60ஆல் பெருக்கினால் 4,443 கடல் மைல், 111.2ஆல் பெருக்கினால் 8,234 கிலோமீட்டர். பூமி கச்சிதமான உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டை. அதனால் தளத்துக்குத் தளம் சில கிலோமீட்டர் மாறும். அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். ஓடுபாதை எந்தப் பக்கம் என்பதே அதைவிட அதிக வித்தியாசம் கொடுக்கும். மீனம்பாக்கத்தில் கிழக்குப் பார்த்து எழும்பினால் கடல்பக்கம் போய்த்தான் மேற்கே திரும்பியாக வேண்டும்.

மூன்றாம் படி: அந்தக் கோடு எதன்மேல் போகிறது என்று பாருங்கள்

பெரும்பாலான தளங்கள் தூரத்தைச் சொல்லிவிட்டு, அதை ஒரு வேகத்தால் வகுத்து நேரத்தையும் சொல்லி முடித்துவிடும். என்னைக் கேட்டால், விஷயமே இனிமேல்தான் இருக்கிறது.

அந்த 74 பாகைக் கோட்டை எட்டுத் துண்டாக வெட்டி ஒவ்வொரு புள்ளியும் எங்கே விழுகிறது என்று கணக்கிட்டேன். முதல் துண்டின் முடிவில் நாசிக். இரண்டாவது பாகிஸ்தானில், சிந்துவும் பலுச்சிஸ்தானும் சேரும் இடத்தை ஒட்டி. மூன்றாவது கிழக்கு ஈரான். நட்டநடுப் புள்ளி காஸ்பியன் கடலில், அஜர்பைஜானின் பாக்கு நகரத்துக்குத் தெற்கே. ஐந்தாவது ரஷ்யாவின் கிராஸ்னோதார் பகுதி. ஆறாவது உக்ரைனும் மால்டோவாவும் சந்திக்கும் எல்லை. ஏழாவது செக் நாட்டின் வடக்கு ஓரம். எட்டாவது ஹீத்ரோ.

பட்டியலை இன்னொருமுறை படியுங்கள். கடந்த சில ஆண்டுகளாகச் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வந்த நாடுகளை நூலில் கோத்தது போல இருக்கும். 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் தன் வான்வெளியைப் பயணிகள் விமானங்களுக்கு மூடியது. அதற்கு அடுத்த நாட்களிலேயே பிரிட்டிஷ் விமானங்களுக்கு ரஷ்யாவின் வான்வெளியும் மூடப்பட்டது. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் இந்திய விமான நிறுவனங்களுக்குத் தன் வான்வெளியை அடைத்தது. 2019இலும் பிப்ரவரி முதல் ஜூலை வரை இப்படி ஒரு அடைப்பு நடந்தது. 2025 ஜூனில் இஸ்ரேலுடன் சண்டை மூண்டபோது ஈரானும் மூடியது. ஆகவே 8,230 கிலோமீட்டர் என்பது காகிதத்தில் மட்டும் இருக்கும் தூரம். நூல் போன வழியில் விமானம் போவதில்லை.

அப்படியானால் எவ்வளவு சுற்று? இதையும் நீங்களே போடலாம். வழியில் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து, இரண்டாம் படிக் கணக்கை இருமுறை போட்டுக் கூட்டினால் போதும். பாகிஸ்தானைத் தொடாமல் அரபிக்கடல் மேலாக மஸ்கட் வந்து அங்கிருந்து லண்டன் என்று வைத்துக்கொண்டேன். சென்னை–மஸ்கட் 2,590, மஸ்கட்–லண்டன் 5,830. மொத்தம் 8,420 கிலோமீட்டர். இஸ்தான்புல்லையும் இடையில் சேர்த்தால் 8,450.

கூடுதல் வெறும் 200 சொச்சம் கிலோமீட்டர்! கால் மணி நேரப் பயணம். எனக்கே நம்பிக்கை வராமல் மறுபடி போட்டுப் பார்த்தேன். பிறகு இதே கணக்கை டெல்லிக்குப் போட்டதும் காரணம் புரிந்தது. டெல்லியிலிருந்து லண்டன் நேராக 6,730 கிலோமீட்டர். மஸ்கட் வழியாகச் சுற்றினால் 7,790. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதல், ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம், அதற்கான எரிபொருள் வேறு. வான்வெளி மூடப்பட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் வடக்கே அடிபடுவது ஏன், தெற்கே நாம் ஓரளவு தப்பிப்பது ஏன் என்பதற்கு இந்த இரண்டு எண்களே விளக்கம். எல்லைக்குப் பக்கத்தில் இருப்பவருக்குக் கதவை அடைத்தால் ஊரையே சுற்ற வேண்டும். தூரத்தில் இருப்பவர் கிளம்பும்போதே கொஞ்சம் சாய்ந்து போனால் ஆயிற்று.

நிஜ விமானம் இந்த நேர்த்துண்டுகளிலும் அப்படியே போகாது. வான்வழிகள், காற்று, புயல் மேகம் என்று வளைந்துதான் போகும். உங்கள் விமானம் உண்மையில் எந்த வழியில் போகிறது என்று பார்க்க ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலியில் விமான எண்ணைத் தட்டினால் கடந்த சில நாட்களின் தடத்தைக் காட்டும். நேற்று, முந்தாநாள் என்று நாலைந்து தடங்களைப் பாருங்கள். ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாது.

நான்காம் படி: வேகம், பிறகு காற்று

இந்த வழித்தடத்தில் போகும் 787, ஏ350 வகை விமானங்கள் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கு என்ற அளவில் பறப்பவை. தரையில் ஒலி மணிக்கு 1,200 கிலோமீட்டருக்கு மேல் போகும். ஆனால் 11 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 டிகிரி. குளிரக் குளிர ஒலியின் வேகம் குறையும். அங்கே அது 1,062 கிலோமீட்டர்தான். அதில் 0.85 பங்கு ஏறக்குறைய 900. ஆக மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ320 மாதிரி சிறிய விமானம் என்றால் 830 என்று வைக்கலாம்.

ஆனால் இந்த 900 என்பது காற்றுக்குள் விமானம் போகும் வேகம். காற்றே நகர்ந்துகொண்டிருந்தால்? ஆற்றில் பரிசல் விட்டவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. துடுப்பு போடும் வேகம் ஒன்றுதான், ஆனால் நீரோட்டத்தோடு போவதும் எதிர்த்துப் போவதும் ஒன்றாகாது. வடக்கே முப்பது பாகைக்கு மேல், விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பது இதுதான். குளிர்காலத்தில் பலம் அதிகம். 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது நியூயார்க்கிலிருந்து லண்டன் வந்த ஒரு ஜம்போ ஜெட், இந்தக் காற்றில் ஏறிக்கொண்டு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையைப் பொறுத்து அதன் வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியைத் தாண்டிவிட்டதா என்று பலர் கேட்டார்கள். இல்லை, சுற்றியிருந்த காற்றும் கூடவே ஓடியதால் காற்றைப் பொறுத்து அதன் வேகம் வழக்கமானதுதான்.

நம் ஊர்ப்பக்கம் இதற்கு நேர் எதிரான ஒரு காற்றும் உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் ஓட்டம் வீசும். அதை 1950களில் ஆராய்ந்து எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம். அதன் மையம் விமானங்கள் பறப்பதைவிட மேலே இருக்கிறது. என்றாலும் ஜூலை, ஆகஸ்டில் சென்னையிலிருந்து மேற்கே போகும் விமானத்துக்கு முதல் பகுதியில் அது பின்னாலிருந்து கொஞ்சம் தள்ளிவிடும்.

சராசரிக்கு, லண்டன் போகும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் எதிர்க்காற்று, வரும்போது அதே 50 சாதகக் காற்று என்று வைத்துக்கொள்ளலாம். போகும்போது 850, வரும்போது 950.

8,450 ÷ 850 = 9.94, அதாவது 9 மணி 56 நிமிடம்.

8,450 ÷ 950 = 8.89, அதாவது 8 மணி 53 நிமிடம்.

ஒரே வழி, ஒரே விமானம், காற்றினால் மட்டும் ஒரு மணி நேர வித்தியாசம். "போறப்போ லேட்டாச்சு, வர்றப்போ சீக்கிரம் வந்துட்டோம்" என்று ஊருக்கு வந்தவர்கள் சொல்வது விமானியின் சாமர்த்தியத்தால் அல்ல.

இதோடு ஏற்ற இறக்கத்தைச் சேர்க்க வேண்டும். மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் விமானம் முழுவேகத்தில் போகாது. அதற்கு ஒரு 20 நிமிடம் கூட்டுங்கள். வாயிலிலிருந்து பின்னே தள்ளி, ஓடுபாதை வரை ஊர்ந்து, வரிசையில் நின்று, அங்கே இறங்கியபின் மறுபடி ஊர்ந்து வாயிலுக்குப் போக இன்னொரு 30 நிமிடம். ஆக 50 நிமிடம். போக 10 மணி 46 நிமிடம், வர 9 மணி 43 நிமிடம். அட்டவணையில் போவதற்குப் பத்தரையிலிருந்து பதினொன்று, வருவதற்குப் பத்து மணியை ஒட்டி என்று போட்டிருப்பார்கள். பூ நூலில் ஆரம்பித்த கணக்கு இவ்வளவு பக்கத்தில் வந்தது எனக்கே திருப்தியாக இருந்தது.

அட்டவணை நேரம் எப்போதும் கொஞ்சம் தாராளமாகத்தான் இருக்கும். வேண்டுமென்றேதான் கூட்டிப் போடுகிறார்கள். ஹீத்ரோவில் இரண்டே ஓடுபாதைகள், நெரிசலோ உலகப் பிரசித்தம். இறங்க முறை வரும்வரை லண்டனைச் சுற்றி பாவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிகின் ஆகிய நான்கு இடங்களுக்கு மேலே விமானங்கள் மாடி மாடியாக வட்டமடித்துக்கொண்டிருக்கும். ஜன்னல் வழியே அதே ஏரி மூன்றாவது முறை தெரிந்தால் பயப்பட வேண்டாம், வரிசையில் நிற்கிறீர்கள். அந்தப் பத்து, பதினைந்து நிமிடங்களும் அட்டவணைக்குள் அடக்கம்.

தேடலில் வந்த ஒன்பது மணி நேரம், பத்தே கால், பதினொன்று மூன்றும் இப்போது விளங்கும். முதலாவது நூல் நீளத்தை 900ஆல் வகுத்தது. இரண்டாவது சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொட்டதுவரை. மூன்றாவது வாயிலிலிருந்து வாயில்வரை. பயணிக்கு வேண்டியது மூன்றாவது.

ஐந்தாம் படி: கடிகாரத்தைத் திருப்புங்கள்

அத்தையின் அஞ்சரை மணி நேரத்துக்கு வருவோம். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர்க் கடிகாரத்தில், இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரத்தில். இரண்டையும் நேராகக் கழிக்கவே கூடாது. முதலில் இரண்டையும் ஒரே ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள். குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட 5 மணி 30 நிமிடம் பின்னால். லண்டனில் காலை 11 என்றால் நமக்கு மாலை 4:30. காலை 5:30 முதல் மாலை 4:30 வரை 11 மணி நேரம். முடிந்தது.

வரும்போது இது தலைகீழ். லண்டனில் பகல் 1 மணிக்கு ஏறி, பத்து மணி நேரம் பறந்தால் அங்கே இரவு 11. சென்னையில் அப்போது மறுநாள் விடியற்காலை 4:30. பதினைந்தரை மணி நேரம் பறந்தது போலத் தோன்றும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மார்ச் கடைசி ஞாயிறு அன்று பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று பின்னே இழுப்பார்கள். கோடையில் நமக்கும் லண்டனுக்கும் வித்தியாசம் 4 மணி 30 நிமிடம்தான். விமான நிறுவனங்களின் கோடை, குளிர்கால அட்டவணைகளும் இதே ஞாயிறுகளில்தான் மாறுகின்றன. ஒரு ஏப்ரல் முதல் வாரம் நான் போனபோது விமானம் தாமதமாகக் கிளம்பியது. ஏறி உட்கார்ந்ததும், எப்போது வந்து சேர்வேன் என்று நானே மனக்கணக்குப் போட்டு மச்சானுக்குச் செய்தி அனுப்பினேன். அஞ்சரையைக் கழித்தேன், நாலரையைக் கழித்திருக்க வேண்டும். பாவம், அவர் வருகைக் கூடத்தில் ஒரு மணி நேரம் காபியும் கையுமாக நின்றார். பார்க்கிங் கட்டணத்தை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

அமெரிக்கா, கனடா என்றால் தேதிகள் வேறு: மார்ச் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு. பசிபிக் கடலைத் தாண்டிப் போனால் கிளம்பிய அதே நாளில், சிலசமயம் கிளம்பிய நேரத்துக்கும் முன்பே இறங்கலாம். வழிமுறை ஒன்றுதான்: இரண்டு நேரங்களையும் ஒரே ஊருக்கு மாற்று, அப்புறம் கழி.

ஆறாம் படி: மாறிப் போவதாக இருந்தால்

நேர் விமானம் கிடைக்காதபோது, அல்லது விலை மலைக்க வைக்கும்போது, வழியில் இறங்கி மாறுவோம். இங்கே தூரத்தைப் பார்த்தால் சில ஆச்சரியங்கள் காத்திருக்கின்றன.

துபாய் வழி: சென்னை–துபாய் 2,930, துபாய்–லண்டன் 5,500. மொத்தம் 8,430. நேராகப் போவதைவிட 200 கிலோமீட்டர்தான் அதிகம். எப்படியும் நேர் விமானமே அந்தப் பக்கம் சாய்ந்து போகிறது என்பதால் பறக்கும் தூரத்தில் அநேகமாக நஷ்டமே இல்லை. தோஹா, அபுதாபிக்கும் இதே கதைதான். வளைகுடா விமான நிலையங்கள் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு இந்த இருப்பிடமும் ஒரு காரணம்.

கொழும்பு வழி: தெற்கே 650 கிலோமீட்டர் போய், அங்கிருந்து 8,715. மொத்தம் 9,365. ஆயிரத்துச் சொச்சம் அதிகம், பரவாயில்லை ரகம்.

சிங்கப்பூர் வழி: கிழக்கே 2,925 போய், திரும்ப 10,880. மொத்தம் 13,800 கிலோமீட்டர். மூக்கைத் தலையைச் சுற்றித் தொடுவது. விலை குறைவு என்று யாராவது காட்டினால், பறக்கும் நேரமே ஆறு மணிக்கு மேல் கூடும் என்று நினைவில் வையுங்கள். சிங்கப்பூரில் ஒரு நாள் தங்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் தவிர இது வேண்டாம் என்பேன்.

மாறும் இடத்தில் எவ்வளவு இடைவெளி? இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் இரண்டு, இரண்டரை மணி நேரம் போதும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் வாங்கினால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. பெட்டியை எடுத்து, வெளியே வந்து, மறுபடி செக்இன் செய்ய வேண்டியிருக்கலாம், அதற்கு விசாவும் வேண்டியிருக்கலாம். ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாக வைக்காதீர்கள். வயதானவர்கள் தனியாகப் போகிறார்கள் என்றால் நேர் விமானத்துக்குக் கூடக் கொடுக்கும் பணம் வீண் அல்ல. மாறியே ஆகவேண்டும் என்றால் வீல்சேர் உதவியை டிக்கெட் எடுக்கும்போதே போட்டுவிடுங்கள். நடக்க முடிந்தவர்களுக்கும் அது நல்லதுதான், வழி தேட வேண்டாம்.

ஏழாம் படி: வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை

இதைத்தான் அத்தை முதலில் கேட்டிருக்க வேண்டும். கும்பகோணத்திலிருந்து சென்னை 7 மணி நேரம். தாம்பரம் தாண்டி நெரிசலுக்கு ஒரு மணி நேரம் சேர்த்து 8. விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே உள்ளே இருக்க வேண்டும். விமானம் 11 மணி நேரம். ஹீத்ரோவில் குடிவரவு வரிசை, பெட்டி, வெளியே வருவது என்று ஒன்றரை. மகள் இருப்பது ஈஸ்ட்ஹாமில், முருகன் கோவில் இருக்கும் பகுதி. ஹீத்ரோ மேற்கு ஓரம், ஈஸ்ட்ஹாம் கிழக்கு. லண்டன் முழுவதையும் குறுக்கே கடக்க வேண்டும், அதற்கு ஒன்றரை மணி நேரம். கூட்டினால் 25 மணி நேரம்.

அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதாவது முந்தின நாள் சாயங்காலமே இங்கேருந்து கிளம்பணுமா?" என்றார்.

ஆமாம். கடைசியாகச் சரிபார்க்க வேண்டியது தேதி. டிக்கெட்டில் நவம்பர் 14, காலை 5:30 என்று போட்டிருந்தால், விடியற்காலை 2:30க்கு மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். அதற்குக் கும்பகோணத்தை விட்டு 13ஆம் தேதி மாலை 6:30க்குக் கிளம்ப வேண்டும். நள்ளிரவு 12 முதல் விடியற்காலை வரை கிளம்பும் விமானங்களில் இந்தத் தேதிக் குழப்பம் அடிக்கடி நடக்கிறது. 14ஆம் தேதி ராத்திரிதானே என்று நிதானமாகப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள், விமானம் அன்று காலையிலேயே போயிருக்கும்.

அத்தை எழுந்துபோய்ச் சுவரில் இருந்த தினசரி காலண்டரில் நவம்பர் வரை புரட்டினார். 14ஆம் தேதித் தாளின் ஓரத்தை ஏற்கெனவே மடித்துவைத்திருந்தார். அதை நீவி நிமிர்த்திவிட்டு, 13ஐ மடித்தார்.